ரொஸ்ஸினியா, வெர்டியா: முதலில் யாரைக் கேட்கலாம்?

இத்தாலிய ஓபராவுக்குள், அதாவது பாட்டாகவே நடக்கும் இசை நாடகத்துக்குள், நுழைய நல்ல வாசல்களாக இரண்டு இசையமைப்பாளர்கள்: 1792இல் பெசாரோவில் பிறந்த ரொஸ்ஸினி, 1813இல் புஸ்ஸெத்தோ அருகே ஒரு சிற்றூரில் பிறந்த வெர்டி.

ரொஸ்ஸினி சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்வார். 'வில்லியம் டெல்' ஓபராவின் முன்னிசையைப் போட்டுப் பாருங்கள். ஐந்து செல்லோக்கள் (வயலினைவிடப் பெரிய, ஆழ்ந்த குரல் கொண்ட கருவிகள்) மெல்லப் பேசத் தொடங்கும். அப்புறம் புயல், கடைசியில் குதிரைப் பாய்ச்சல். நேரம் போவதே தெரியாது. 39 ஓபராக்கள் எழுதியவர், 1829இல் இதோடு நிறுத்திக்கொண்டார். அப்போது வயது 37தான்.

வெர்டிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மிலான் இசைக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1840க்குள் இரண்டு குழந்தைகளையும் மனைவியையும் பறிகொடுத்தார். 1842இல் 'நபுக்கோ' ஓபராவோடு எழுந்தார். 'ஃபால்ஸ்டாஃப்' மேடையேறியபோது அவருக்கு 79 வயது. 'ரிகொலெத்தோ'வின் கடைசி அங்கத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பாடுவார்கள்: ஒருவன் கொஞ்சுகிறான், ஒருத்தி சிரிக்கிறாள், இன்னொருத்தி உடைந்து அழுகிறாள், அவள் அப்பா பழிவாங்கத் துடிக்கிறார். நான்கும் தனித்தனியாகக் காதில் விழும். எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

என் ஓட்டு வெர்டிக்கே. ஆனால் ஒரு வாரம் ரொஸ்ஸினியைக் கேட்டுவிட்டு அவரிடம் வாருங்கள். 1868இல் ரொஸ்ஸினி இறந்ததும், இத்தாலிய இசையமைப்பாளர்கள் சேர்ந்து ஓர் இரங்கல் இசை எழுதலாம் என்று அழைத்தவரே வெர்டிதான். அது அப்போது அரங்கேறவில்லை. அதற்காக எழுதிய தன் பகுதியைத் திருத்தி, 1874இல் தன் 'ரெக்வியம்' என்ற இரங்கல் இசையின் இறுதியில் சேர்த்தார்.