"மாடுலேஷனை ஏற்றித் தருகிறேன்" என்பவரிடம் செட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்களுக்காகவும், வாக்கி டாக்கியைக் கடையில் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். எனக்கு 2,800 ரூபாய் போனது. அதைவிட, மூன்று வாரம் என்னால் மற்றவர்கள் பட்ட தொல்லைதான் உறுத்துகிறது.

என்னிடம் இருப்பது இரண்டு மீட்டர் அலைவரிசைக்கான, வண்டியில் பொருத்தும் பழைய ரேடியோ செட். உள்ளே ட்ரிம்மர் என்னும் சிறு திருகிகளைத் திருகிச் சரிசெய்யும் காலத்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்று, மாலையில் ஹாம் நண்பர்கள் ரேடியோவில் கூடிப் பேசும் நெட்டில் சொன்னார்கள். சென்னையில் ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாளே கூப்பிட்டார்கள். மேசையில் பவரை அளக்கும் ஒரு வாட் மீட்டர், கடைக்காரர் கையில் ஒரு வாக்கி டாக்கி, அவ்வளவுதான் கருவிகள். என்னைப் பேசச் சொன்னார். குரல் கணீரென்று கேட்டது. "மாடுலேஷனை நன்றாக ஏற்றிவிட்டேன் சார், இனிக் குறையே இருக்காது" என்றார். அலையின் மேல் குரல் ஏறும் அளவைத்தான் அப்படிச் சொன்னார். நம்பிப் பணத்தைக் கொடுத்தேன்.

கடைக்குள் தாழ்ந்த குரலில்தான் பேசியிருந்தேன். அன்று மாலை நெட்டில் சற்றுக் குரல் உயர்த்தியதும் சொற்கள் பாதியில் அறுந்தன. ஆன்டெனா கேபிள்தான் காரணம் என்று நினைத்து கனெக்டரை மாற்றினேன், பயனில்லை. மூன்றாவது வாரம், பக்கத்து சேனலில் பேசும் பெரியவர் ஒருவர், நான் பேசும்போதெல்லாம் தமக்குக் கரகரவென்று இரைச்சல் விழுகிறது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அளவுக் கருவி வைத்திருக்கும் மூத்த நண்பர் வீட்டுக்குச் செட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் கருவி) மாட்டி, மைக் வழியே 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்தோம். டீவியேஷன், அதாவது குரலுக்கு ஏற்ப அலை விலகும் அளவு, 8 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி நின்றது. 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள சேனலில் 5தான் எல்லை, 12.5 இடைவெளி என்றால் 2.5. எஃப்.எம்.மில் பேச்சின் வலுவுக்கு ஏற்ப அலை தன் இடத்திலிருந்து இருபுறமும் விலகும். பேச்சு 3 கிலோஹெர்ட்ஸ் வரை போகும்போது, 5 விலகினால் சுமார் 16 கிலோஹெர்ட்ஸ் அகலம் பிடிக்கும். 8 விலகினால் 22. கேட்பவருடைய ரிசீவரின் ஃபில்டர் அவ்வளவு அகலத்தை உள்ளே விடாது. வெளியே வழிந்தது அந்தப் பெரியவரின் சேனலில் போய் விழுந்திருக்கிறது.

செட்டைத் திறந்தோம். டீவியேஷன் ட்ரிம்மரின் மேலிருந்த சீல் பெயிண்ட் உடைந்து, ட்ரிம்மர் கடைசிவரை திருகப்பட்டிருந்தது. உண்மையான கோளாறு அங்கே இல்லவே இல்லை. தூசியும் ஈரமும் ஏறி, மைக்கின் உள்ளே ஒலியைப் பிடிக்கும் கேப்ஸ்யூல் மங்கிப்போயிருந்தது. அதை மாற்ற நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

கடைக்குத் திரும்பிப் போய், "எத்தனை கிலோஹெர்ட்ஸ் வைத்தீர்கள்?" என்று கேட்டேன். காதால் கேட்டே வைத்துவிடுவேன் என்றார். வாட் மீட்டரைக் காட்டினார். எஃப்.எம்.மில் பேசினாலும் பேசாவிட்டாலும் பவர் மாறுவதில்லை. அந்த முள் டீவியேஷனைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. பணமும் திரும்பவில்லை.

ஆகவே, செட்டைக் கொடுக்கும்முன் டீவியேஷனை எதை வைத்து அளப்பார்கள் என்று கேளுங்கள். திருகுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். முதலில் வேறொரு மைக்கை மாட்டிப் பாருங்கள். கணினியில் செருகும், மென்பொருளால் இயங்கும் சிறிய எஸ்.டி.ஆர். ரிசீவர் இருந்தால் நீங்களே அளக்கலாம்: 2,079 ஹெர்ட்ஸ் ஒலியை மைக்கில் கொடுத்து மெல்ல மெல்லக் கூட்டுங்கள். திரையில் நடுவிலுள்ள கேரியர் (குரலைச் சுமக்கும் அலை) கோடு முதன்முறை மறையும் இடம் சரியாக 5 கிலோஹெர்ட்ஸ்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கைப்பேசிகள் ஓய்ந்துபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு நாளில் என் செட் அந்த நிலையில் இருந்திருந்தால், பதற்றத்தில் நான் கத்தக் கத்த ஒரு சொல்கூட முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்காது. பக்கத்து சேனலில் உதவி கேட்பவரின் குரலையும் கெடுத்திருப்பேன்.

இப்போது உச்சத்தை 4.5இல் நிறுத்தி, ட்ரிம்மரின் மேல் ஒரு சொட்டுப் பெயிண்ட் வைத்திருக்கிறோம். பெரியவரிடம் அன்று இரவே மன்னிப்புக் கேட்டேன்.