பழைய சைலன்சரைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்

1,800 ரூபாய்க்குப் பழைய சைலன்சர் வாங்கி மாட்டப் போய், முடிவில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய் இழந்தேன். ஏமாந்த கதையை ஊருக்குச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. ஆனாலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடையில் வாங்கிய பொருளில் மட்டுமே ஏமாந்தேன் என்று மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிதாக ஏமாந்தது நான் கொடுத்துவிட்டு வந்த பொருளில்.

என் வண்டி 2018இல் வாங்கிய 125 சிசி. பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி காலத்து கார்புரேட்டர் வண்டி. வீடு சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதை அந்தப் பக்கத்தார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு நாள் என் வண்டியின் சீட் மட்டுந்தான் வெளியே தெரிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு எஞ்சின் ஆயிலை மாற்றினேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன், பிரேக்கைக் கழற்றித் துடைத்தேன். வண்டி ஓடியது. சைலன்சரைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை.

சைலன்சர் துருப்பிடிப்பது பெரும்பாலும் உள்ளிருந்துதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. தூரமாக ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறி ஈரம் காய்ந்துவிடும். நான் ஓட்டுவதோ வீட்டிலிருந்து தாம்பரம் ரயில் நிலையம், அங்கிருந்து வீடு. சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவேன். ஏற்கெனவே வெள்ளம் குடித்த தகரம். தினமும் இந்த ஈரமும் சேர்ந்தால் எத்தனை நாள் தாங்கும்? அடுத்த ஆண்டு மழைக்காலம் முடிவதற்குள் அடிப்பக்கத்தில் எட்டணா நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்தது. வண்டி டிராக்டர்போல் கத்த ஆரம்பித்தது.

ஷோரூமில் விசாரித்தேன். புதியது 6,400 ரூபாய் என்றார்கள். ஆறு வருட வண்டிக்கு இவ்வளவா என்று மனம் வரவில்லை. சென்னையில் பழைய உதிரிபாகம் என்றால் புதுப்பேட்டைதானே. முன்பு ஒருமுறை அங்கே ஹெட்லைட் ஒன்று வாங்கி, அது இன்றுவரை பழுதில்லாமல் எரிகிறது. நியாயமாக வியாபாரம் செய்கிறவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போய் நின்ற கடை அப்படி இல்லை, அவ்வளவுதான்.

கடை வாசலில் கயிற்றில் வரிசையாகச் சைலன்சர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள், வாழைத்தார் மண்டிபோல. என் வண்டி மாடலைச் சொன்னதும் கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். கறுப்பு வண்ணம் பளபளவென்றிருந்தது. “கம்பெனி ஒரிஜினல் சார். முன்பக்கம் அடிபட்ட வண்டியிலிருந்து எடுத்தது. ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது” என்றார். இரண்டாயிரத்து இருநூறில் தொடங்கி 1,800க்கு இறங்கினார். பழையதைக் கொடுத்தால் அதிலும் 300 குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஓட்டை விழுந்த, துருவேறிய ஒரு தகரக் குழாய்க்கு 300 ரூபாய் யார் கொடுப்பார்கள்? காயலான் கடையில் இரும்பு விலைக்குப் போட்டால் நூறைத் தாண்டியிருக்காது. “வீட்டுக்கு எடுத்துப் போகிறேனே” என்று ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். உடனே “இதை எடுத்துப் போய் என்ன சார் செய்யப்போகிறீர்கள்? சரி, 350 குறைத்துக்கொள்கிறேன்” என்றார். குப்பைக்கு இத்தனை மரியாதையா என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தேன். ரசீது கேட்டேன். பழைய சாமானுக்கு ரசீது வழக்கமில்லை என்றார். யுபிஐயில் 1,450 அனுப்பினேன்.

மாட்டுவதற்குப் பக்கத்திலேயே நடைபாதையில் ஒருவரைக் கைகாட்டினார்கள். கூலி 200. எஞ்சின் தலையில் சைலன்சர் குழாய் பொருந்தும் இடத்தில் இரண்டு ஸ்டட், அதாவது நட்டு முறுக்கும் மரைக் கம்பிகள், இருக்கும். ஆறு வருடச் சூடும் துருவும் ஏறிய நட்டுகள் அவை. துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துத்தான் கழற்ற வேண்டும். அவர் ஸ்பானரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, காலை ஊன்றி, ஒரே இழு. ‘டக்’ என்று சத்தம் கேட்டது. நட்டு கையோடு வந்துவிட்டது, பாதி ஸ்டட்டையும் சேர்த்துக்கொண்டு. “ஒன்று போதும் சார், தாங்கும்” என்று சொல்லிவிட்டு, இடுக்கை அடைக்கும் வளையமான கேஸ்கட்டில் நசுங்கிப்போன பழையதையே திரும்ப வைத்து, ஏதோ ஒரு பசையை அப்பி முடித்துவிட்டார். புதுக் கேஸ்கட் நாற்பது ரூபாய். கேட்டிருந்தால் நானே வாங்கித் தந்திருப்பேன்.

சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் புகை வந்தது. வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். சைலன்சரின் மேலிருந்த பளபளப்பு கொப்பளம் கொப்பளமாக எழும்பிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் எரியும் நாற்றம். ஒரு கொப்பளத்தைக் குச்சியால் சுரண்டினேன். வண்ணத்துக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பட்டி. கார் டிங்கரிங் பட்டறையில் பள்ளத்தை நிரப்பத் தடவுவார்களே, அதே பட்டி. சைலன்சர் சூட்டுக்கு அது எப்படித் தாங்கும்? பொரிந்து உதிர்ந்தது. அதன் கீழே சைலன்சரின் வயிற்றைச் சுற்றி நேர்கோடாக ஒரு வெல்டிங் தழும்பு. வளையல் போட்டதுபோல முழு வட்டமாக இருந்தது. ஓட்டையை அடைத்த வெல்டிங் ஒரு பக்கமாகத் திட்டாகத்தான் இருக்கும். இது யாரோ சைலன்சரை இரண்டாக அறுத்து மறுபடி ஒட்டிய தழும்பு. அன்றைக்கு எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அடிபட்ட வண்டிதானே, ஏதோ பற்றவைத்திருக்கிறார்கள் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆக்சிலரேட்டரை விட்டால் ‘பட் பட்’ என்று வெடித்தது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் சத்தத்தைக் கேட்டதுமே, “தலையில் காற்று இழுக்கிறது தம்பி” என்றார். ஒற்றை நட்டில் குழாய் சரியாக உட்காரவில்லை. இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி சைலன்சருக்குள் எரிகிறது. உடைந்த ஸ்டட்டை அலுமினியத் தலையிலிருந்து துளைபோட்டு எடுத்து, புது மரை போட்டு, புது ஸ்டட் ஏற்ற 900 ரூபாய். துளை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் தலையையே மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார். நல்லபடியாக முடிந்தது. வெடிச்சத்தம் நின்றது.

ஆனால் பழைய சத்தம் வரவில்லை. ஒரு வெற்றுத்தனம், காலித் தகரத்துக்குள் பேசுவதுபோல. 80 சிசிக்கு மேல் 175 சிசி வரையிலான இரு சக்கர வண்டி தொழிற்சாலையை விட்டு வரும்போது 77 டெசிபலுக்குமேல் கத்தக் கூடாது என்பது விதி. அளக்க என்னிடம் கருவி இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் காலையில் ஜன்னலைச் சாத்தினார். அந்த அளவீடு எனக்குப் போதும்.

மூன்றாவது வாரம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் காலாவதியானது. வண்டியை நிறுத்தி, பின்குழாயில் கருவியின் முனையைச் செருகினார்கள். கார்பன் மோனாக்சைடு வரம்பைத் தாண்டியிருந்தது. கார்புரேட்டரைச் சரிசெய்துகொண்டு மறுநாள் போனேன். மறுபடியும் தோல்வி. அங்கிருந்த இளைஞர் வண்டியின் வருடத்தைப் பார்த்துவிட்டு, “சைலன்சர் மாற்றினீர்களா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மெக்கானிக் அண்ணன் சைலன்சரைக் கழற்றி, எஞ்சின் பக்கத்து வாயில் செல்பேசி டார்ச்சைப் பிடித்தார். “பார்” என்றார். நீளமான இருட்டுக் குழாய், கடைசியில் ஒரு தடுப்பு, வேறொன்றும் இல்லை. பிறகு மூலையில் கிடந்த அதே மாடல் பழைய சைலன்சர் ஒன்றை இழுத்துவந்து அதில் டார்ச்சைக் காட்டினார். உள்ளே வட்டமாக ஒரு வில்லை. நுணுக்கமான கண்கள், அசல் தேன்கூடு. தராசில் இரண்டையும் தூக்கிப் பார்த்தோம். நான் வாங்கியது முக்கால் கிலோவுக்குமேல் எடை குறைவு.

அந்தத் தேன்கூட்டுக்குப் பெயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், வினையூக்கி மாற்றி. மெல்லிய உலோகத் தகட்டைச் சுருட்டி அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களை மிக மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் அதன் வழியாகப் போகும்போது கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமாக மாறிவிடும். ஒரு பைக்கில் இருப்பது கிராமில் ஒரு சிறு பங்குதான். ஆனால் 2021இல் ரோடியம் விலை தங்கத்தைப்போலப் பத்து மடங்கைத் தாண்டிப் போயிருந்தது. மாருதி ஈகோ வேன்களின் சைலன்சர்கள் இரவோடிரவாகத் திருடு போவதாகச் செய்திகளில் படித்திருப்பீர்கள். திருடர்கள் தேடுவது இந்தக் கூட்டைத்தான். நூறு சைலன்சர்களை அறுத்துச் சேர்த்தால் அது நல்ல காசு.

அண்ணன் அடுத்துக் கேட்ட கேள்விதான் என்னை உட்காரவைத்தது. “உன் பழைய சைலன்சர் எங்கே?”

ஓட்டை அடித்தகட்டில்தான் விழுந்திருந்தது. உள்ளே இருந்த கூடு முழுதாக இருந்திருக்கும். ஐம்பது ரூபாய் கூடுதலாகத் தந்தும் அவர் அதை விடாப்பிடியாக வாங்கிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். காலிக் குழாயைக் காசுக்கு விற்று, நிறைந்த குழாயைக் குப்பை விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்த ஓட்டையை அண்ணன் துண்டுத் தகடு வைத்து 250 ரூபாய்க்கு அடைத்துக் கொடுத்திருப்பாராம். இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கும்.

கடைக்குத் திரும்பப் போனேன். இது எங்கள் கடைப் பொருளே இல்லை என்றார். பணம் அனுப்பிய பதிவைக் காட்டினேன். சுவரில் எழுதியிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டினார். அந்தப் பலகைக்குப் பயந்து நான் பேசாமல் வந்துவிட்டேன்; தேவையே இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள்ளும், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைத்துப் பதிவு செய்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய்க்குட்பட்ட பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை. ஆனால் கையில் ரசீது இருந்தால் பாதி வேலை முடிந்தது. என்னிடம் இருப்பது பணம் போன தடயம் மட்டும்.

காலிக் குழாயோடு ஓட்டுவது சட்டப்படியும் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவில் சத்தம், புகை விதிகளை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை என்று இருக்கிறது. விற்றவர் கடையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். நடுரோட்டில் பிடிபடுவது ஓட்டுகிறவர்தான். ஷோரூமில் 6,400 கொடுத்துப் புதியதை வாங்கி மாட்டிவிட்டேன்.

2017க்குப் பிறகு வந்த வண்டிக்குப் பழைய சைலன்சர் வாங்கத்தான் வேண்டுமென்றால் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். கூடு சில வண்டிகளில் எஞ்சினிலிருந்து வரும் குழாயிலேயே இருக்கும், உங்கள் வண்டியில் எங்கே என்று மெக்கானிக்கிடம் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். குலுக்கிப் பாருங்கள், உள்ளே ஏதாவது உருண்டால் வேண்டாம். புது வண்ணம் அடித்திருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். சுரண்டவிடாத கடையில் வாங்காதீர்கள். உங்கள் பழையதை மட்டும் எக்காரணம் கொண்டும் அங்கே விடாதீர்கள், எத்தனை ஓட்டை இருந்தாலும்.

போன வாரம் வேறு வேலையாகச் சிந்தாதிரிப்பேட்டை போனவன், கால் பழக்கத்தில் அந்தக் கடைப் பக்கம் நடந்தேன். முதலாளி இல்லை, ஒரு பையன்தான் இருந்தான். கயிற்றில் மூன்றாவதாக ஒரு சைலன்சர் தொங்கியது. வால் நுனியில் பிறை வடிவில் ஒரு நசுங்கல். எங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் நான் இடித்த நசுங்கலும் அதே இடத்தில், அதே வடிவில்தான் இருந்தது. என்னுடையதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கறுப்பு வண்ணம் பளபளத்தது. டார்ச்சை உள்ளே பிடித்தேன். காலி. விலை கேட்டேன்.

“இரண்டாயிரத்து இருநூறு சார். கம்பெனி ஒரிஜினல்” என்றான் பையன்.