கேட் இண்டர்காம் பொருத்தப்போகும் குடியிருப்புகளுக்கு: பில்லில் காப்பர், சுவருக்குள் அலுமினியம்

சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அறையையும் நான்கு பிளாக்குகளின் நுழைவுக் கதவுகளையும் இணைத்து இண்டர்காமும் மின்பூட்டும் பொருத்தித் தர ஒப்புக்கொண்ட கான்ட்ராக்டர் எங்களை எப்படி ஏமாற்றினார் என்பதை, இதே வேலைக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கும் மற்ற அசோசியேஷன்களின் கவனத்துக்காக எழுதுகிறேன். கருவிகளில் குறையில்லை. கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் போகும் கேபிளில்தான் கைவரிசை காட்டப்பட்டது.

பேனல், ரிசீவர், பூட்டு ஆகியவற்றுக்கு மாடல் எண் வரை குறிப்பிட்டிருந்தவர், கேபிளுக்கு மட்டும் 'இண்டர்காம் கேபிள், காப்பர், ஒரு லாட்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார். தூரம் தாங்குமா என்று கேட்டபோது, 500 மீட்டர் என்று பெரிதாக அச்சிட்ட கம்பெனிப் பிரசுரத்தை நீட்டினார். அது 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில், பேச்சுக்கு மட்டும் பொருந்தும் என்று அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. வேலை முடிந்த அன்று, செக்யூரிட்டி அறையை ஒட்டியே இருக்கும் ஏ பிளாக்கில் பேசிக் காட்டினார், பூட்டைத் திறந்து காட்டினார், மீதித் தொகையையும் பெற்றுக்கொண்டார். கேபிள் வழியாக 120 மீட்டர் தள்ளியிருக்கும் டி பிளாக்கை யாருக்கும் காட்டவில்லை.

டி பிளாக்கில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பூட்டுக்கான பொத்தானை அழுத்தினால் பூட்டு திறப்பதற்குப் பதிலாகப் பேனலின் விளக்கே அணைந்தது. முதலில் மழை ஈரம் என்றார். பிறகு 'பூஸ்டர்' வேண்டும் என்று தனியாகப் பணம் கேட்டார். நாங்கள் மறுத்ததும், எல்லாப் பிளாக்குகளுக்கும் பொதுவான 12 வோல்ட் சப்ளையைக் கழற்றிவிட்டு 18 வோல்ட் சப்ளையை மாட்டிச் சென்றார். தூரத்து டி பிளாக் சற்றே தெளிந்தது. கம்பியில் எந்த இழப்பும் இல்லாமல் முழு 18 வோல்ட்டையும் வாங்கிய ஏ பிளாக் பேனல் கருகிப்போனது.

அதன்பின் எங்கள் எலக்ட்ரீஷியன் கேபிளின் ஒரு துண்டை வெட்டி, பிளேடால் கம்பியைச் சுரண்டினார். மேலே செம்பு நிறம். ஒரு கீறலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று அலுமினியம். செம்பு முலாம் பூசிய இத்தகைய அலுமினியக் கம்பியின் மின்தடை, அதே கனமுள்ள செம்புக் கம்பியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கனமும் 0.4 மி.மீ. விட்டம்தான். டி பிளாக் முனையில் இரு கம்பிகளையும் முறுக்கிவிட்டு, செக்யூரிட்டி அறை முனையில் மல்டிமீட்டரை வைத்தபோது 50 ஓமுக்குச் சற்று மேலே காட்டியது. பேசும்போது பேனல் 0.1 ஆம்பியர் இழுக்கிறது. ஆகவே 5 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது, 12 வோல்ட்டில் 7 வோல்ட்தான் போய்ச் சேருகிறது. பூட்டுக்குத் தேவை 0.8 ஆம்பியர். 50 ஓம் தடையுள்ள கம்பியில், மறுமுனையை நேரடியாக ஷார்ட் செய்தாலும் 12 வோல்ட்டால் கால் ஆம்பியருக்கு மேல் செலுத்த முடியாது. அந்தப் பூட்டு அந்தக் கம்பியில் ஒருநாளும் திறந்திருக்காது என்பது பொருத்தியவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

'டெலிபோன் இண்டர்காம் இதே கனக் கம்பியில் அரைக் கிலோமீட்டர் போகிறதே' என்பது அவருடைய கடைசி வாதம். எக்ஸ்சேஞ்ச் வகைத் தொலைபேசி 24 அல்லது 48 வோல்ட்டில் சுமார் 0.02 ஆம்பியர் மட்டுமே எடுப்பதால்தான் அது போகிறது. பூட்டு அதைப்போல் நாற்பது மடங்கு கேட்கிறது. போதாக்குறைக்கு, முறுக்கில்லாத அந்தத் தட்டைக் கேபிளை வராண்டா விளக்குகளின் 230 வோல்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இழுத்திருந்தார். விளக்கைப் போட்டதும் ரிசீவரில் 'ங்ங்' என்ற இரைச்சல் எழுந்தது. அது ஆபத்தும்கூட, காப்பு உரிந்தால் பேனலுக்கே 230 வோல்ட் வந்துவிடும்.

கொட்டேஷனில் கேபிளின் உலோகம், சதுர மி.மீ. கனம், மிக நீளமான பாதையின் மீட்டர் கணக்கு ஆகிய மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். போக வர மொத்த மீட்டரை 0.0175 ஆல் பெருக்கி, சதுர மி.மீ. கனத்தால் வகுத்தால் செம்புக் கம்பியின் ஓம் கிடைக்கும். எங்கள் 120 மீட்டருக்கு, 1 சதுர மி.மீ. செம்பில் அது 4.2 ஓம். சுருளைப் பைப்புக்குள் இழுக்கும் முன்பே அதன் இரு முனைகளிலும் மீட்டர் வைத்துப் பார்க்க விடாத கான்ட்ராக்டருக்கு முன்பணம் தராதீர்கள். கடைசிப் பணத்தை மிகத் தொலைவில் உள்ள கதவு திறந்த பிறகே கொடுங்கள்.

இப்போது வேறொருவரை வைத்து, மின்சப்ளைக்கு 1 சதுர மி.மீ. செம்பும், குரலுக்கு முறுக்கிய ஷீல்டு கேபிளும் தனிப் பைப்பில் இழுத்துவருகிறோம். பூட்டுக்கான சப்ளை அந்தந்தக் கதவருகிலேயே அமைகிறது; செக்யூரிட்டி அறையிலிருந்து ஒரு ரிலேவை (பூட்டுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின் சுவிட்சை) இயக்கும் சிறு மின்னோட்டம் மட்டுமே போகும். வெட்டிய கேபிள் துண்டுகளையும் 'காப்பர்' என்று எழுதிய ஜிஎஸ்டி பில்லையும் பத்திரப்படுத்தியிருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகாரும் பதிவாகியுள்ளது. அந்தக் கான்ட்ராக்டர் பக்கத்துத் தெருக் குடியிருப்பில் அதே 'ஒரு லாட்' வரியுடன் கொட்டேஷன் கொடுத்திருப்பதாக நேற்றுத் தகவல் வந்தது.