துபாய் மெடிக்கல் கார்டும் அந்த பாழாப்போன அப்ரூவலும்

கீழக்கரைல இருந்து மச்சினன் போன் பண்ணான், விசா வந்துருச்சு மச்சான், துபாய்ல கம்பெனி குடுக்குற மெடிக்கல் கார்டு, அதான் மருத்துவ இன்சூரன்ஸ், அது போதுமா, தனியா எதுவும் போடணுமான்னு. போன்ல பாதிதான் சொன்னேன், மீதிய இங்க எழுதிடுறேன், ஏர்வாடி பெரியபட்டினம்னு அடுத்து கெளம்ப நெறய பேரு இருக்காய்ங்க.

மொதல்ல நல்லத சொல்லிக்கிறேன், அப்புறம் கோவத்துல மறந்துரும். துபாய்ல 2013ல போட்ட சட்டப்படி இன்சூரன்ஸ் காச கம்பெனிதான் கட்டணும், சம்பளத்துல புடிக்கக்கூடாது. 2025 ஜனவரில இருந்து சார்ஜா அஜ்மான் பக்கமும் கட்டாயம் ஆயிருச்சு. எமிரேட்ஸ் ஐடிய நீட்டுனா போதும். சளி காய்ச்சல்னு போனா மலையாளி நர்சு நம்ம பாஷையும் கலந்து விசாரிக்கும், டாக்டர் உக்காரவச்சு நிதானமா பேசுவாரு, ராம்நாட்ல டோக்கன வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நின்ன ஆளு நான், எனக்கு அதெல்லாம் அதிசயமாத்தான் இருந்துச்சு. சம்பளம் 4,000 திர்ஹத்துக்கு கீழன்னா பேசிக் பிளான்தான் வரும், அதுவே வருசத்துக்கு 1,50,000 திர்ஹம் வரைக்கும் தாங்கும். அட்மிட் ஆனா 20 சதவீதம் நம்ம கைல இருந்து, அதுவும் ஒரு தடவைக்கு 500, வருசத்துக்கு 1,000 தாண்டாது. இதுக்கு மேல என்ன வேணும்?

அப்ரூவல் வேணும், அதாவது ஸ்கேன் மாதிரி விஷயத்துக்கு இன்சூரன்ஸ்காரன் முன்னாடியே சரின்னு சொல்லணும். எனக்கு முதுகு புடிச்சு கால் வரைக்கும் இழுத்துச்சு, நேரா எலும்பு டாக்டர்ட்ட போகமுடியாது, மொதல்ல பொது டாக்டர் எழுதிக்குடுக்கணும், சரின்னு அவர பாத்து இவர பாத்து எம்ஆர்ஐ ஸ்கேன் வரைக்கும் வந்தாச்சு, அங்க நின்னுச்சு வண்டி. எப்ப கேட்டாலும் 'அண்டர் ப்ராசஸ்'. அப்புறம் ரிஜெக்ட், பிசியோதெரபி பாத்ததா ரிப்போர்ட்ல இல்லையாம். திருப்பி அனுப்புனா நோய்க்கு போட்ட கோட் நம்பரும் ஸ்கேனுக்கு போட்ட கோட் நம்பரும் ஒத்துப்போகலையாம். கவுண்டர்ல இருக்க புள்ளய திட்டி என்ன பண்ண, அதுவும் ஸ்க்ரீனத்தான் பாத்துட்டு உக்காந்துருக்கு. முதுகு என்னோடது, முடிவு பண்றவன் மொகம் எனக்கு தெரியாது!

ஞாயமா பேசணும்னா, எல்லா முதுகுவலிக்கும் எடுத்தவொடனே ஸ்கேன் தேவையில்ல, பெரும்பாலும் தானா கொறஞ்சுரும்னு டாக்டருங்களே சொல்றாங்க. சரி, அத மொத நாளே சொல்லித்தொலைய வேண்டியதுதானே.

லீவுல ஊருக்கு வந்ததும் மதுரைக்கு பஸ் ஏறுனேன், ஸ்கேன் எடுக்குற எடத்துல டாக்டர் சீட்ட காட்டுனேன், அன்னைக்கே படம் எடுத்து கைல குடுத்துட்டாங்க, கைக்காசுதான். அதுக்குள்ள வலி முக்காவாசி கொறஞ்சிருந்துச்சுங்கறது வேற விஷயம், அத இன்சூரன்ஸ்காரன்ட்ட யாரும் போய் சொல்லிறாதீக.

இன்னொன்னு, வலிக்குன்னு டிராமடால், பிரிகாபலின் மாதிரி மாத்திரைய சும்மா பையில போட்டு ஏறிடாதீக. துபாய்ல அதெல்லாம் கண்ட்ரோல்டு மருந்து, டாக்டர் சீட்டு வச்சு அவங்க அரசாங்கத்துட்ட முன்னாடியே பெர்மிட் வாங்கணும், உம்மா ஆசையா கட்டிக்குடுத்தாங்கன்னு ஏர்போர்ட்ல சொன்னா எடுபடாது.

மார்க்கு கேட்டா அஞ்சுக்கு ரெண்டுதான் போடுவேன். கொற சொல்ல ஒன்னே ஒன்னுதான் இருக்குன்னு தெரியுது, இருந்தாலும் ரெண்டுதான். மச்சினனுக்கு கம்பெனி கார்டே போதும். ஆனா பேசிக் பிளான்ல சொத்தப்பல்லு கணக்குல வராது தம்பி, ரொம்ப நாளா ஆடிட்டு இருக்க அந்த கடவாப்பல்ல புடுங்கிட்டு பிளைட்டு ஏறு.