பேண்டன் டூன்ஸ்: காற்றில் ஆடலாம், கிரீனில்தான் பொறுக்க முடியவில்லை

ஹில்ஸ்பரோ நண்பர் ஒருவர் கேட்டார்: “குளிர்காலத்துல பேண்டன் டூன்ஸ் கட்டணம் இறங்குதாமே, ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா? காத்து நெஜமாவே அவ்வளவு மோசமா, இல்ல எல்லாரும் ஏத்திச் சொல்றாங்களா?” அந்தக் கோல்ஃப் விடுதிக்குப் பல வருடமாகப் போய்வருகிறவன் என்பதால் என்னிடம் கேட்டார். “போங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் கடைசியாகப் போனது ஜூலையில். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதனால் நிதானமாக எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் கடற்கரையில் ஐந்து பெரிய மைதானங்கள், பேட்டரி வண்டி கிடையாது, நடந்துதான் ஆடவேண்டும், நல்ல நேரங்களுக்கு முன்பதிவு வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். கோல்ஃப் ஆடுகிற யாருக்கும் இது தெரிந்திருக்கும். காற்றைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

கோடையில் அங்கே காற்று வடக்கிலிருந்து வரும். பசிபிக்கின் மேல் உயர் அழுத்தம் உட்கார்ந்திருக்கும், உள்நாட்டு நிலம் காய்ந்து அங்கே அழுத்தம் இறங்கும், இரண்டுக்கும் நடுவே கரையை ஒட்டித் தெற்கு நோக்கிக் காற்று பாயும். காலையில் பெரும்பாலும் கொடி அசையாமல் தொங்கும். வெயில் ஏற ஏற காற்றும் ஏறும். பிற்பகலில் சும்மா நின்றாலே கால்சட்டை படபடக்கும். கடலின் மேல்நீரை விலக்கி ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவருவதும் இதே காற்றுதான். அதனால் ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். குளிர்காலத்தில் அலாஸ்கா வளைகுடாப் பக்கமிருந்து புயல்கள் இறங்கும்போது காற்று திசை மாறித் தெற்கிலிருந்து அடிக்கும்.

இந்தத் திசைமாற்றத்தை நான் அலுக்காமல் ரசிக்கிறேன். டாம் டோக் வடிவமைத்து 2001-ல் திறந்த பசிபிக் டூன்ஸ் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 4-ம் ஹோலும் 13-ம் ஹோலும் கடலோரமாக ஓடும் பார் 4, அதாவது தொடங்கும் இடத்திலிருந்து குழிவரை நாலு அடியில் முடிக்கவேண்டியவை. முதலாவதில் கடல் வலப்பக்கம், தெற்கே பார்த்து ஆடுகிறோம். அடுத்ததில் கடல் இடப்பக்கம், வடக்கே பார்த்து. கோடையில் 4-ல் காற்று முதுகைத் தள்ளும். நீளமான ஹோல்தான், ஆனாலும் இரண்டாவது அடிக்கு என் கையில் குறைந்த தூரத்துக்கான மட்டையான 8 அயர்ன் இருக்கும். 13-ல் அதே காற்று முகத்தில். நெடுந்தூர மட்டைகளான டிரைவருக்குப் பிறகு 3 வுட்டும் அடித்துவிட்டுக் கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, முன்னால்தான் நிற்பேன். டிசம்பரில் தெற்குக் காற்று வீசினால் இரண்டும் குணம் மாற்றிக்கொள்ளும். ஒரு மைதானத்தைப் படித்து முடித்துவிட்டோம் என்று நினைக்கவே விடாது.

11-ம் ஹோல் 150 யார்டுக்கும் குறைந்த பார் 3, அதுவும் வடக்கே பார்த்தது. எனக்கு 9 அயர்ன் தூரம். மட்டையின் எண் குறையக் குறையத் தூரம் கூடும்; ஜூலைப் பிற்பகலில் 5 அயர்னை எடுத்துப் பாதி வீச்சில் அடிக்கிறேன். எதிர்க்காற்றில் பலத்தைக் கூட்டினால் பந்தின் பின்சுழற்சியும் கூடும். அப்போது பந்து முன்னால் போகாமல் மேலே ஏறும், உச்சியில் தயங்கி, அங்கிருந்தே கீழே விழும். நீண்ட கிளப், குறைந்த வீச்சு, தாழ்ந்த பந்து. இதற்குக் கை பழகிவிட்டால் காற்றில் ஆடுவதைப் போல ஒரு சந்தோஷம் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு உண்மையான காரணம் தரை. முழுக்க மணல்மேடு, அதன்மேல் மெல்லிய ஃபெஸ்க்யூ புல். மழை கொட்டினாலும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், தரை கெட்டியாகவே இருக்கும். போர்ட்லண்ட் பக்கத்து மைதானங்களில் குளிர்காலம் முழுக்கப் பந்து விழுந்த இடத்தில் சேற்றில் புதையும். இங்கே ஜனவரியிலும் உருண்டு ஓடும். கிரீனுக்கு முப்பது யார்டு முன்னால் பந்தைத் தரையிறக்கினால் மேட்டில் ஏறி, சரிவில் வளைந்து, குழியைத் தேடிப் போகும். வானத்தில் காற்று என்ன செய்தாலும் தரைவழி ஒன்று எப்போதும் திறந்திருக்கும். ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் மெக்லே கிட் 1999-ல் முதல் மைதானத்தை இந்த எண்ணத்தில்தான் அமைத்தார். அப்போது அவர் பெயர் வெளியே அதிகம் தெரியாது. வாழ்த்து அட்டை விற்றுச் சம்பாதித்து இந்த விடுதியைத் தொடங்கிய மைக் கைசர் அவரை நம்பி இப்படியொரு கடற்கரையை ஒப்படைத்தது பெரிய துணிச்சல். அதற்காக அந்த மனிதர் மேல் எனக்கு நிரந்தர மரியாதை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். எனக்கு அது முழுக்கக் கிரீனில்தான். கிரீன்வரை போகும் புல்வழியான ஃபேர்வேயில் காற்று எவ்வளவு அடித்தாலும் கணக்குப் போட்டு ஆட முடிகிறது. கிரீனில் குழிக்கு மூன்றடித் தூரத்தில், பந்தை உருட்டும் மட்டையான பட்டரோடு நிற்கும்போது அந்தக் கணக்கெல்லாம் போய்விடுகிறது. பக்கவாட்டுக் காற்று மெதுவாக உருளும் பந்தைக் கடைசி ஓரடியில் தள்ளும். அதைவிட மோசம், ஆளையே தள்ளும். இடுப்பு ஆடாமல் நிற்கமுடியாது, பட்டரின் தலை பந்துக்குப் பின்னால் நடுங்கும். காலை அகட்டி, குனிந்து, பட்டரைத் தாழப் பிடித்து, காற்று அடங்கட்டும் என்று காத்திருந்தால் பின்னால் வரும் குழு காத்து நிற்கும். நாலைந்து மணி நேரம் நடந்து, மணல்மேடெல்லாம் ஏறியிறங்கி, அருமையாக ஆடிவந்த ஒரு ஹோலை இந்த மூன்றடி வந்து பிடுங்கிக்கொள்கிறது. ஜூலையில், ஐந்தில் ஒன்றான ஷீப் ரேன்ச்சில் கடைசி ஒன்பது ஹோல் முழுக்க எனக்கு இதுதான் நடந்தது.

ஷீப் ரேன்ச் பற்றிச் சொல்லவேண்டும். பில் கூரும் பென் கிரென்ஷாவும் அமைத்து 2020-ல் திறந்தது. ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்குக் கடலோரக் குன்றின் விளிம்பு, அந்த விளிம்பிலேயே ஒன்பது கிரீன்கள். தடையாக வைக்கும் மணல்குழியான பங்கர் ஒன்றுகூடக் கிடையாது. வைத்தால் மணலைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும் என்பதால் புல் மூடிய பள்ளங்களோடு விட்டுவிட்டார்கள். மணலே நிற்காத இடத்தில் பந்து நிற்கவேண்டும், நாமும் நிற்கவேண்டும்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பராமரிப்பவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. புல்லை ஒட்ட வெட்டிக் கிரீனை வேகமாக்கினால் பந்து நிற்கவே நிற்காது என்பது தெரிந்து, உள்ளூர் மைதானங்களைவிட மெதுவாகத்தான் வைத்திருக்கிறார்கள். விதியும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. 2019-ல் வந்த மாற்றத்தின்படி, கிரீனில் பந்தை ஒருமுறை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டால், பிறகு காற்று அதை நகர்த்தினாலும் பழைய இடத்திலேயே வைத்து ஆடலாம். எடுக்காமலே விட்டிருந்தால் உருண்டுபோய் நின்ற இடத்திலிருந்துதான் ஆடவேண்டும். ஆகவே பந்து கிரீனில் நின்றதும் ஓடிப்போய் இடத்தைக் குறிக்கும் மார்க்கரை வைத்து, எடுத்து, திரும்ப வையுங்கள். 2025 ஆகஸ்டில் இங்கே நடந்த அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் போட்டியில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மேகா கன்னே பட்டம் வென்றார். ஆகவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது சந்தோஷத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உடைக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். குடை அங்கே உதவாது. நான் முதலில் வாங்கிய விலைகூடிய மழைக்கோட்டு இரண்டே பருவத்தில் தையல்வழியே ஒழுகத் தொடங்கியது; வாங்கும்போது தையலுக்கு உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இரண்டு கைக்கும் மழைக் கையுறை, காதை மூடும் கம்பளிக் குல்லா. மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முட்புதரில் விழுந்த பந்தை விட்டுவிடுங்கள். அயர்லாந்துக்காரர் ஒருவர் கொண்டுவந்து நட்ட செடி, எண்ணெய்ப் பசை உள்ளது. 1936-ல் பேண்டன் ஊரே எரிந்தபோது தீயை வளர்த்தது அதுதான். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு வழிசொல்லும் கேடியை வைத்துக்கொள்வதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. போகிற வழியில் 38-ம் நெடுஞ்சாலையில் ரீட்ஸ்போர்ட்டுக்குச் சற்று முன்னால் டீன் க்ரீக் புல்வெளியில் எல்க் மான்கள் மேயும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் நிறுத்திக் காட்டுங்கள்.

நண்பர் மதிப்பெண்ணும் கேட்டார். தரைக்கும் அமைப்புக்கும் பத்துக்குப் பத்து. நான் ஆடிய கடலோர மைதானங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. ஆனாலும் ஜூலையில் போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டு புயல்களுக்கு நடுவே குளிர்காலத்தில் அமைதியான நாட்கள் வரும், அப்போது போங்கள். மழை பெய்தாலும் பரவாயில்லை, தரை தாங்கும். இந்த முறை என்னைச் சேர்க்காதீர்கள். எனக்குக் கொஞ்ச நாள் இடைவெளி வேண்டும். ஷீப் ரேன்ச்சை முதல் நாள் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் பிற்பகலுக்குத் தள்ளாதீர்கள்.