வெப்ப அறையில் ஆறு மாதம்: நாகர்கோவில் ஹாட் யோகா கூடம் ஒன்றின் முன்னேற்ற அட்டை

நாகர்கோவிலில் ஹாட் யோகா, அதாவது சூடாக்கிய அறையில் செய்யும் யோகா, கற்றுத்தரும் ஒரு கூடத்தில் கடந்த அக்டோபர் நடுவில் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள் என்ற கணக்கில் ஏப்ரல் நடு வரை 68 வகுப்புகளை முடித்திருக்கிறேன். குறைகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதால் கூடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. மாதக் கட்டணம் 2,500 ரூபாய். அதற்கு மேல் 300 ரூபாய் கொடுத்தால் ‘முன்னேற்ற அட்டை’ என்ற ஒன்றை மாதந்தோறும் நிரப்பித் தருகிறார்கள். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த அட்டையைப் பற்றியதே. எனக்கு வயது 47. பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்றதில் தொடையின் பின்தசைகள் இறுகி, குனிந்து தரையில் கிடக்கும் சுண்ணக்கட்டியை எடுப்பதே சிரமமாகிவிட்ட நிலையில்தான் சேர்ந்தேன். எடையைக் குறைப்பது என் நோக்கமாக இருக்கவில்லை. உடல் உண்மையிலேயே தளர்கிறதா, எவ்வளவு தளர்கிறது என்பதை நம்பத்தக்க முறையில் அறிய விரும்பினேன்; அட்டைக்காக 300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததும் அதனால்தான்.

அங்கே கற்பிக்கப்படுவது 26 ஆசனங்களும் இரண்டு மூச்சுப் பயிற்சிகளும் கொண்ட, 90 நிமிட நீளமுள்ள வரிசை. கொல்கத்தாவின் பிஷ்ணு சரண் கோஷ் கற்பித்த ஆசனங்களிலிருந்து பிக்ரம் சௌத்ரி தொகுத்து, 1970களில் அமெரிக்காவில் பரப்பிய வரிசை அது. அறை வெப்பம் 105 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 40.6 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 சதவீதம் என்பது அதன் இலக்கணம். இந்த வரிசைக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

நான் சேர்ந்த செய்தியைக் கேட்ட பக்கத்து வீட்டு அம்மா, “ஏம் மக்கா, நம்ம ஊருல சூட்டுக்கா பஞ்சம்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத நடுவயதினரை 12 வாரம் இதே வரிசையைச் செய்ய வைத்தார்கள். ஒரு குழு சூடாக்கிய அறையிலும் மற்றொரு குழு சாதாரண அறையிலும் செய்தது. இரத்தக் குழாய்களின் செயல்பாடு இரண்டு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் மேம்பட்டது. ஆகவே இதயத்தின் நலன் மட்டுமே ஒருவருடைய நோக்கம் என்றால் வெப்ப அறைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்து வளாகத்தில் கடற்காற்று வாங்கியபடி ஆசனம் பயில்வதே போதும். வெப்ப அறையின் அமைதியும், இறுகிய தசை அங்கே விட்டுக்கொடுக்கும் விதமும் எனக்குப் பிடித்திருக்கின்றன என்பதே நான் தொடர்ந்து செல்வதற்கான காரணம்.

இனி அட்டை. அதில் நான்கு பகுதிகள் உண்டு: மாதம் ஒரு முறை எடுக்கப்படும் நான்கு ஆசனங்களின் புகைப்படங்கள், ஒவ்வோர் ஆசனத்துக்கும் பயிற்சியாளர் பத்துக்கு இடும் மதிப்பெண், கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்டு காட்டிய கலோரிக் கணக்கு, வகுப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த எடை.

புகைப்படங்களை மனமாரப் பாராட்டுகிறேன். தரையில் ஒட்டிய நாடாக் குறியில்தான் நாம் நிற்க வேண்டும். கேமராத் தாங்கிக்கும் அதே போலத் தனிக் குறி உண்டு. உயரம் மாறுவதில்லை, கோணம் மாறுவதில்லை. கண்ணாடியில் நம்மை நாம் முன்பக்கமாக மட்டுமே பார்க்கிறோம். நவம்பர் மாதத்துப் பக்கவாட்டுப் படத்தில், திரிகோணாசனத்தில் என் மடங்கிய காலின் தொடை தரைக்கு இணையாக இறங்காமல் பாதியிலேயே நின்றதையும், இடுப்பு பின்னால் தள்ளியிருந்ததையும் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டேன். மார்ச் மாதத்துப் படத்தில் தொடை இணையாக இருக்கிறது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சி எந்த எண்ணாலும் கிடைத்ததில்லை.

மதிப்பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரே வாரத்தில், ஒரே ஆசனத்துக்கு, ஒரு பயிற்சியாளர் எனக்கு 6 கொடுத்தார்; மற்றொருவர் 8 கொடுத்தார். இருவரும் அக்கறையுள்ளவர்கள்தாம், ஆனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற வரையறை அவர்களிடம் இல்லை. விடைக்குறிப்பு இல்லாமல் தாள் திருத்தினால் என்ன ஆகும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

கலோரிக் கணக்கு இதைவிடக் கவலைக்குரியது. சூடான அறையில் உடலைக் குளிர்விப்பதற்காக இரத்தம் தோலை நோக்கிப் பாய்வதால், உழைப்பு கூடாமலேயே இதயத்துடிப்பு கூடுகிறது. பேண்டோ துடிப்பு உயர்ந்தால் உழைப்பும் உயர்ந்தது என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது. “டீச்சர், இன்னைக்கு 600 தாண்டிட்டு பாத்தீங்களா!” என்று பயிற்சியாளத் தம்பி உற்சாகமாகச் சொன்ன நாளில் அது 620 காட்டியது. உடல்நலம் சரியில்லாமல் வகுப்பின் மூன்றில் ஒரு பங்கை நான் சவாசனத்திலேயே கழித்த இன்னொரு நாளில் அதே பேண்டு 540 காட்டியது. வியர்வையில் வழுக்கியும், மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கும் ஆசனங்களில் தோலைவிட்டு விலகியும் அது தடுமாறுவது தனி.

எடை அட்டவணையைக் கூடத்தின் வாசலிலேயே பலகையில் எழுதி வைக்கிறார்கள். அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வகுப்பு முடிந்ததும் குறைந்திருக்கும் எடை ஏறக்குறைய முழுவதும் நீரே. தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். தொடக்கத்தில் நான் 64.2 கிலோவுடன் உள்ளே போய் 63.3 கிலோவுடன் வெளியே வந்தேன். இடையில் குடித்தது 400 மில்லி. ஆக வியர்வை சுமார் 1.3 லிட்டர். இரண்டாம் மாதத்தில் அது 1.7 லிட்டராக உயர்ந்தது. உடல் வெப்பத்துக்குப் பழகும்போது வியர்வை சீக்கிரமாகத் தொடங்குவதும் கூடுதலாகச் சுரப்பதும் இயல்பு. பலகையோ அதைக் ‘கொழுப்புக் கரைவு’ என்று கொண்டாடியது. உடன் பயிலும் ஒரு பெண், பலகையில் தன் எண் பெரிதாக வர வேண்டும் என்பதற்காக வகுப்பில் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்ததைப் பார்த்து அஞ்சினேன். இந்த முன்பின் எடையால் உண்மையில் ஒரு நல்ல பயன் உண்டு: எவ்வளவு நீரைத் திரும்பக் குடிக்க வேண்டும் என்பதை அது சொல்லும். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. எனக்கு அது சுமார் 1.3 கிலோ. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையிலோ சோடியமே அதிகம் போகிறது. ஆகவே உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை முதலில் குடித்துவிட்டு, இளநீரைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

அட்டையில் முற்றிலும் விடுபட்டுப்போன ஒன்றுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது: அந்த நாளில் அறை எப்படி இருந்தது என்பது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வெளியே 26 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு மழைக்கால அதிகாலைக் காற்றை அப்படியே 40 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 41 சதவீதமாகிவிடும். இலக்கணம் கேட்கும் 40 சதவீதம், ஒருவரும் வியர்க்கத் தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது. அதன் மேல் பன்னிரண்டு பேருடைய வியர்வையும் காற்றில் சேர்கிறது. இதைச் சோதிப்பதற்காகச் சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கினேன். வாங்கியதும், அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு மூடியில் உப்பைச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஓர் இரவு வைத்தேன். அப்படி வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பில் வேறு உப்புகளும் சிறிது கலந்திருக்கக்கூடும் என்பதால் கடையில் வாங்கிய தூளுப்பையே பயன்படுத்தினேன். கருவி 73 காட்டியது. அதனால் அது காட்டும் எண்ணோடு 2 கூட்டிப் படிக்கிறேன்.

அக்டோபர் மழை நாள்களில் வகுப்பின் தொடக்கத்தில் 41ஆக இருந்த ஈரப்பதம் நடுவில் 60ஐத் தொட்டது. பிப்ரவரியின் தெளிந்த காலைகளில் தொடக்கத்தில் 33, நடுவில் 46. வெப்பமும் அறை முழுவதும் ஒன்றாக இல்லை. சூடேற்றியின் அருகில் 41 டிகிரியும் பின்வரிசை மூலையில் 37 டிகிரியும் காட்டியது. ஈரப்பதம் 60ஐத் தொடும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது, உடல் குளிர்வதில்லை, அதே ஆசனத்தில் அதே ஆள் பாதி நேரம்கூட நிற்க முடியாமல் போகிறது. அக்டோபரில் தடுமாறிய ஒருவர் பிப்ரவரியில் நிலையாக நின்றால், அதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, வானிலையின் பங்கு எவ்வளவு என்பதை அறை அளவு இல்லாத அட்டையைக் கொண்டு பிரித்தறியவே முடியாது.

உடலின் பழக்கமும் இதே போன்ற மயக்கத்தைத் தருகிறது. வெப்பத்துக்கு உடல் பழகுவது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரங்களில் நடந்துவிடுகிறது. அந்த நாள்களில் தோன்றும் பெரும் முன்னேற்றம் தசையில் நிகழ்ந்தது அன்று. இடைவெளி விட்டால் அந்தப் பழக்கம் கரையத் தொடங்கும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தமும் சுசீந்திரம் மார்கழித் தேரும் அடுத்தடுத்து வந்ததில் மூன்று வாரம் நான் செல்லவில்லை. திரும்பிய நாளில் நான்கு முறை உட்கார நேர்ந்தது, குமட்டலும் வந்தது. அட்டையில் அந்த மாதம் ‘பின்னடைவு’ என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அதே வாரத்தில் வீட்டில் குளிர்ந்த உடலோடு எடுத்த அளவில் எனக்கு ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை.

அந்த வீட்டு அளவு இதுதான்: ஒரு மரமுக்காலியின் மேல் 30 சென்டிமீட்டர் அளவுகோலை ஒட்டி, சுவரோரம் நிறுத்தி, குதிகாலை அதில் பதித்துக் கால் நீட்டி அமர்ந்து, விரல்நுனி எட்டும் இடத்தை ஞாயிறு காலைகளில் குறிக்கிறேன். மாதம் ஒரு முறை அளவுகோலைக் கூடத்துக்கு எடுத்துச் சென்று வகுப்பு முடிந்த உடனே அதே அளவை எடுத்தேன். அக்டோபரில் குளிர்ந்த உடலில் பாதத்துக்கு 9 சென்டிமீட்டர் முன்னதாகவே விரல் நின்றுவிட்டது. சூடான உடலில் 1 சென்டிமீட்டர்தான் குறை. ஏப்ரலில் குளிர்ந்த உடலிலேயே பாதத்தைத் தாண்டி 1 சென்டிமீட்டர். சூடான உடலில் தாண்டி 4. வெப்ப அறையில் மட்டும் அளந்திருந்தால் 5 சென்டிமீட்டர் முன்னேற்றம் என்று எழுதியிருப்பேன். வீட்டில் கிடைத்தது 10. எட்டு சென்டிமீட்டராக இருந்த இடைவெளி மூன்றாகச் சுருங்கியதை இந்த ஆறு மாதத்தின் மெய்யான பலனாகக் கருதுகிறேன். வெப்பம் கடனாகக் கொடுத்து வந்த தளர்ச்சியில் பெரும்பகுதி இப்போது என் உடலுக்கே சொந்தமாகியிருக்கிறது.

இதனோடு, ஒற்றைக்காலில் நின்று மறுகாலை முன்னே நீட்டிப் பிடிக்கும் தண்டாயமான ஜானுசிராசனத்தில் ஊன்றிய காலின் முழங்கால் மடங்காமல் எத்தனை நொடி நிற்கிறேன் என்பதையும் குறித்து வந்தேன்; வலது காலில் 11 நொடி 38 ஆயிற்று, இடது காலில் 6 நொடி 29 ஆயிற்று. எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே விரலால் எண்ணும் நாடித்துடிப்பின் வாரச் சராசரி 78இலிருந்து 70க்கு இறங்கியது. தூக்கம் கெட்ட மறுநாள் 84 வரை ஏறுவதால் ஒரு நாள் அளவை நம்புவதில்லை. மூச்சுத்திறன் பெரிதாக வளரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்தில் 24 வகுப்புகள் செய்த இளம் வயதினருக்கு வலிமையும் தளர்ச்சியும் கூடின. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் மாறவில்லை. கூடத்தின் மாடிப்படி ஏறும்போது எனக்கும் அப்படியே இருக்கிறது. அதற்கு மாலை நடைதான் வழி.

கடுமையாகச் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. சேர்ந்த நாளில் இரத்த அழுத்தம், இதய நோய், உட்கொள்ளும் மருந்துகள், கருவுற்றிருத்தல் என எதைப் பற்றியும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. 40 டிகிரி அறைக்குள் ஒருவரை 90 நிமிடம் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதுதான். இவற்றில் ஏதேனும் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் போக வேண்டாம்.

பயிற்சிக்கு ஐந்தில் நான்கும், அட்டைக்கு ஐந்தில் இரண்டும் கொடுக்கிறேன். அந்த இரண்டும் புகைப்படங்களுக்கு உரியவை. பிப்ரவரியில் என் குறிப்பேட்டைப் பயிற்சியாளர்களிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்கள், ஏப்ரல் முதல் வாரத்தில் சுவரில் ஓர் ஈரப்பதமானி வந்திருக்கிறது, அட்டையிலும் அறை அளவுக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். எடைப் பலகை இன்னும் வாசலில்தான் இருக்கிறது. மேலும் மூன்று மாதத்துக்குக் கட்டணம் கட்டியிருக்கிறேன். ஜூன் மழை தொடங்கி ஈரப்பதம் மீண்டும் 60ஐத் தொடும் நாளில், அதே இடத்தில் நின்று அந்த 38 நொடியை மறுபடி அளக்க வேண்டும்.