இன்வெர்ட்டரா, மேல்தொட்டியா? மழைக்கு முன் எதில் பணம் போடுவது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் போன கரண்ட் திரும்பி வர மூன்று நாள் ஆனது. தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸ் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும்போது மின்சாரம் விட்டால் உயிர் போகும், அதனால் தெரிந்தேதான் நிறுத்தி வைக்கிறார்கள். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் முதல் நாள் இரவைத் தாண்டவில்லை. ஆனால் இருட்டையாவது பொறுத்துக்கொள்ள முடிந்தது. 500 லிட்டர் மேல்தொட்டி மறுநாள் காலையிலேயே காலியானபோதுதான் வீடு கலங்கிப்போனது. கீழே தரைக்கடித் தொட்டியான சம்பு நிறையத் தண்ணீர் இருந்தும், மூடி வழியாகத் தெருத் தண்ணீர் இறங்கிவிட்டதால் அதைத் தொடவே முடியவில்லை.

நகரத்து வீடுகளில் கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் தண்ணீர் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் செலவைத் திட்டமிட வேண்டும்.

முதலில் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் கணக்கு. நாலு பேருக்கு 540. 1000 லிட்டர் தொட்டி இருந்தால் வழக்கம்போலச் செலவழித்தாலும் இரண்டு நாள் கிட்டத்தட்ட ஓடும். ஷவரை மூடிவிட்டு வாளியில் குளித்து, துணி துவைப்பதைத் தள்ளிப்போட்டால் நாலைந்து நாள்கூடத் தாங்கும். சம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கரண்ட் இல்லாத நாளில் கயிறும் வாளியும் கொண்டுதான் எடுக்க வேண்டும். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. வறட்சியில் கதை வேறு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தபோது, லாரித் தண்ணீரை மொத்தமாக வாங்கி வைக்கப் பெரிய சம்பு இருந்தவர்கள்தான் தப்பித்தார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் ஏற்கெனவே சம்பு இருக்கிற வீட்டில் அடுத்த செலவு மேல்தொட்டிக்கு என்பேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: 1000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. தூண், பீம் எங்கே வருகிறது என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

குடிக்கிற தண்ணீருக்கு ஆர்.ஓ. மெஷினை நம்பி இருக்காதீர்கள், கரண்ட் இல்லாமல் அது வேலை செய்யாது. 20 லிட்டர் கேன் ஒன்று, குடிக்கவும் சமைக்கவும் நாலு பேருக்கு ஒரு நாள் வரும். மழை அறிவிப்பு வந்ததும் மூன்று கேன் வாங்கி வைத்துவிடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் மேல்தொட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். கூடுதலாக ஒரு சிலிண்டர் இருப்பது அப்போது பெரிய ஆறுதல்.

சரி, மின்சாரம். 12 வோல்ட் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் தாளில் 1,800 வாட்-மணி. இழப்பெல்லாம் போகக் கைக்குக் கிடைப்பது சுமார் 1,200. 75 வாட் பழைய ஃபேன் மூன்று, நாலைந்து எல்இடி விளக்கு என்றால் நாலரை மணி நேரம். அதே மூன்று ஃபேனும் 30 வாட் பிஎல்டிசியாக (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் ஃபேன்) இருந்தால் ஒன்பது மணி நேரத்தை நெருங்கும். இரண்டாவது பேட்டரி வாங்க நினைப்பவர்கள் முதலில் ஃபேனை மாற்றிப் பாருங்கள். அந்த லாபம் கரண்ட் பில்லிலும் தெரியும்.

பேட்டரியில் ட்யூபுலரா (வழக்கமான லெட்-ஆசிட் வகை), லித்தியமா என்றால், தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் கரண்ட் போகிற இடத்துக்கு ட்யூபுலரே போதும். விலை குறைவு, அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் சரி. ஆனால் அது முழுதாக ஏறப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். எடையும் 50 கிலோவைத் தாண்டுவதால் பெரும்பாலும் தரையில்தான் உட்காரும். வெள்ளம் புகுகிற தரைத்தள வீட்டுக்கு நான் லித்தியத்தைத்தான் சொல்வேன்: சீக்கிரம் ஏறும், எடை குறைவு என்பதால் உயரத்தில் வைத்துவிடலாம். உங்கள் இன்வெர்ட்டர் லித்தியத்துக்கு ஒத்துவருமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

மோட்டாரை ஓட்ட வேண்டும் என்றால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரால் முடியாது. 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது 750 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. அதற்கு ஜெனரேட்டர்தான். தனி வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெட்ரோல் சேர்த்து வைப்பது ஆபத்து, வெள்ளத்தில் பெட்ரோல் பங்குக்கும் போக முடியாது. எட்டு வீடு உள்ள ஃபிளாட்டில் சேர்ந்து வாங்கினால் அர்த்தம் உண்டு. தினமும் கொஞ்ச நேரம் ஓட்டி எல்லாருடைய தொட்டியையும் நிரப்பிவிடலாம். எங்கே வைத்தாலும் திறந்த வெளியில் வையுங்கள். மாடிப்படிக்கு அடியிலோ பால்கனியிலோ ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், வாசனையே தெரியாது.

நாங்கள் 1000 லிட்டர் தொட்டி வைத்துவிட்டோம், ஃபேன்களையும் மாற்றியாயிற்று. பேட்டரி இப்போது மார்பு உயரக் கடப்பைக் கல் மேடையில் இருக்கிறது. சம்பு மூடியைத் தெரு மட்டத்திலிருந்து இரண்டடி உயர்த்துவது மட்டும் பாக்கி. கொத்தனார் ஐப்பசிக்கு முன்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.